தூங்கெயிலும் லயமும்

ஆண்டுதோறும் மார்கழி முதல் வைகாசி வரை, சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பஸ் வண்டிகள் டிக்கோயாவின் ஒடுங்கிய வீதியைக் கடந்து நோர்வூட், மஸ்கெலியா என்று மேலேறுகின்றன. மேட்டுத் தோட்டங்களில் நின்று இரவில் நோக்குவோருக்கு, மலைப்படிகளில் ஏற்றிய விளக்குகள் வானத்திலிருந்து இறக்கிவிட்ட பொன்னூல் போலத் தோன்றும். அந்த விளக்கு வரிசையைக் காணும் போதெல்லாம் நமக்கு ஒரு நாவல் நினைவுக்கு வருவதுண்டு.

ஆதர் சி. கிளார்க் 1979 இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்ற ஆங்கில நாவலே அது. நிலத்தையும் விண்ணையும் இணைக்கும் ஒரு கோபுரத்தை, பல்லாயிரம் கிலோமீற்றர் உயரத்துக்கு எழும் ஓர் உயர்த்தியை, ஒரு பொறியியலாளன் கட்ட முயல்வதே அதன் கதை. அக்கோபுரம் எழும் இடம் வேறெங்கும் அன்று. நமது சிவனொளிபாத மலையை மனத்திற் கொண்டு ஆசிரியர் புனைந்த 'சிறீ கந்த' என்னும் மலையே ஆகும். உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானக் கதையில், விண்ணுக்குச் செல்லும் வாயில் நம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் அமைந்திருக்கிறது. இப்பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவ்வாயிலின் வழியே சென்று விண்ணில் குடியேறப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு வீடு கட்டப் போகிறவர்கள் யார் என்ற கேள்வியை எழுப்பாமல் அந்நாவலை மூடிவைக்க நம்மால் முடியவில்லை. விண்வெளியில் மனிதக் குடியிருப்புக்களை அமைப்பது பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுள் சிலவற்றைத் தேயிலை மலையில் நின்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'பூமியில் ஒழுங்கான வீடில்லாதவனுக்கு வானத்தில் வீடு எதற்கு?' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. எனினும் நாம் அதை ஏற்க மாட்டோம். தொலைதூரத்தில், கடல் கடந்து, ஒரு கம்பனியின் தேவைக்காக, முன்கூட்டியே வரைந்த திட்டப்படி அமைக்கப்பட்ட குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அனுபவம் இவ்வுலகில் எவருக்கு உண்டு? நமது மக்களுக்கு உண்டு. ஆதலால் விண்வெளிக் குடியிருப்பைப் பற்றிக் கருத்துக் கூறும் தகுதி நமக்கில்லை என்பது தவறு. அத்தகுதி நமக்கே முதலில் உண்டு.

இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது எந்த நூலும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன், ஒக்டோபர் மாதத்து உலக விண்வெளி வாரத்தையொட்டி, ஒன்பதாம் தர மாணவர்களிடம் 'சந்திரனில் ஒரு குடியிருப்பு' என்ற தலைப்பைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னோம். பெரும்பாலோர் தொலைபேசியிற் கண்ட படங்களைப் பார்த்துக் கண்ணாடிக் குவிமாடங்களை வரைந்தனர். ஒரு மாணவி மட்டும், குவிமாடத்தின் உள்ளே இரண்டு நீண்ட லயங்களை வரைந்திருந்தாள். கதவு தோறும் இலக்கம். லயக்கோடியில் ஒரேயொரு தண்ணீர்க் குழாய். பள்ளத்தின் விளிம்பில், உயர்ந்த இடத்தில், பூச்செடிகளோடு தனியே ஒரு குவிமாடம். அது யார் வீடு என்று கேட்டோம்.

"பெரிய தொர பங்களா சேர்."

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. படத்தை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அங்க காத்தையும் தண்ணியையும் தொறந்து வுடுறது யாரு சேர்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது, விடை கூறாமல் வகுப்பை விட்டு வெளியேறினோம். அன்று நாம் சிரித்தது பிழை. அக்குழந்தை கற்பனை வறட்சியால் லயத்தை வரையவில்லை. திட்டமிட்ட குடியிருப்பு எவ்வாறிருக்கும் என்று தான் கண்டறிந்ததை வரைந்தாள். அவளுடைய கேள்விக்கு நூல்களில் என்ன விடை இருக்கிறது என்று தேடியதன் விளைவே இக்கட்டுரை.

வானத்தில் தொங்கும் ஊரைப் பற்றிய கற்பனை தமிழுக்குப் புதிதன்று. ஆகாயத்தில் தொங்கிய அசுரர் கோட்டையாகிய தூங்கெயிலை அழித்த சோழன் ஒருவனைப் புறநானூறும் சிலப்பதிகாரமும் நினைவுகூர்கின்றன. பொன், வெள்ளி, இரும்பு என்னும் மூன்று பறக்கும் கோட்டைகளைச் சிவன் எரித்த கதையைப் பக்தி இலக்கியம் ஓயாது பாடுகிறது. இவற்றைக் காட்டி 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தன' என்று முழங்குவாரும் உளர். அது விஞ்ஞானமும் அன்று, இலக்கிய விமர்சனமும் அன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இக்கதைகளில் வானக் கோட்டை ஆளுவோரின் கோட்டையாகவே காட்சி தருகிறது. அதைக் கட்டியவனின் பெயரும் அழித்தவனின் பெயரும் நிலைத்தன. அதற்குள் நீர் சுமந்தவள் யார் என்று நமது புலவர்கள் கேட்கவில்லை. கேட்கும் காலம் அதுவன்று. ஆனால் இன்றைய விஞ்ஞானக் கற்பனையும் அதே மௌனத்தைத் தொடருமாயின் அதற்குச் சமாதானம் கூற இயலாது.

விண்வெளிக் குடியிருப்பின் நவீன வரலாறு முற்போக்குச் சிந்தனையோடு நெருங்கிய தொடர்புடையது. ரஷ்யாவின் கலூகா நகரில் பாடசாலை ஆசிரியராகப் பணியாற்றிய சியோல்கோவ்ஸ்கி, விண்ணில் மிதக்கும் வீடுகளையும் அவற்றுக்கு உணவும் காற்றும் அளிக்கும் பசுமைக் கூடங்களையும் பற்றி முதன்முதலில் முறையாகச் சிந்தித்தவர்களுள் ஒருவர். பிரித்தானிய மார்க்சிய விஞ்ஞானி ஜே. டி. பேர்னல் 1929 இல் எழுதிய சிறு நூலொன்றில், ஏறத்தாழ 16 கிலோமீற்றர் விட்டமுள்ள வெற்றுக் கோளமொன்றை விண்ணில் மிதக்கவிட்டு, அதனுள்ளே இருபது முப்பதாயிரம் மக்கள் வாழலாம் என்று கூறினார். ஆயினும் அந்நூலில் நம்மை உறுத்தும் ஒரு கருத்தும் உண்டு. விஞ்ஞானிகள் தனியொரு கூட்டமாகப் பிரிந்து, ஏனைய மனிதரை அவர்கள் அறியாமலே பராமரித்து வைத்திருக்கும் நிலை வரக்கூடும் என்று பேர்னல் எண்ணிப் பார்த்தார். மார்க்சியரின் பேனாவிலிருந்தே இத்தகைய எண்ணம் பிறந்ததென்றால், விண்ணை நோக்கியவுடன் மண்ணின் வர்க்கங்களை மறந்துவிடும் ஆபத்து எத்துணைப் பெரிது என்பது புலனாகும்.

பேர்னலின் கோளத்துக்கு விரிவான கணக்குப் போட்டவர்கள் அமெரிக்கர்கள். 1975 ஆம் ஆண்டுக் கோடையில், பேராசிரியர் ஜெரார்ட் ஓநீலின் கருத்துக்களை அடிப்படையாகக் கொண்டு, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையமும் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. அதன் விளைவு, ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் விட்டமுள்ள ஒரு வளைய நகரம். வண்டிச் சக்கரம் போன்ற அவ்வளையம் நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும். அச்சுழற்சியால் உள்ளே நிற்பவர்களுக்குப் பூமியில் நிற்பது போன்ற எடை உண்டாகும். கதிர்வீச்சிலிருந்து காக்க, சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணின் கசடு தடித்த கவசமாக வளையத்தைச் சூழ்ந்திருக்கும். மக்கள் தொகை 10,000. வீடு, பள்ளி, பூங்கா, வயல் எல்லாம் சேர்த்து ஆளொருவருக்கு ஏறத்தாழ 67 சதுர மீற்றர் நிலம் ஒதுக்கப்பட்டது.

இந்தக் கடைசி இலக்கத்தை நமது வாசகர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் நமது மூதாதையருக்குக் கட்டப்பட்ட லயக் காம்பிராவின் அளவு பொதுவாக 10 அடிக்கு 12 அடி. அதாவது ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அதுவும் ஆளொருவருக்கன்று, ஒரு குடும்பத்துக்கு! முன்னே ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய மறுவரிசை, பின்கதவுமில்லை, பின்ஜன்னலுமில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் மனிதனுக்கு 67 சதுர மீற்றர் தேவையென்று கண்ட நாகரிகம், காற்றும் மழையும் பரந்த நிலமும் நிறைந்த மலைநாட்டில் ஒரு குடும்பத்துக்கு 11 போதுமென்று கண்டது. இரண்டும் ஒரே நாகரிகத்தின் கணக்குக்களே. கணக்குப் போட்டவன் தன் பிள்ளை அங்கு வாழக்கூடும் என்று எண்ணியபோது ஒரு விடையும், எண்ணாதபோது மற்றொரு விடையும் வந்தன.

மேலும், அவ்வளைய நகரம் எதைக் கொண்டு பிழைக்கும்? சூரிய சக்தியைத் திரட்டிப் பூமிக்கு அனுப்பும் துணைக்கோள்களை அங்கே உற்பத்தி செய்து, அதன் வருவாயால் முதலீட்டை மீட்பதென்பது திட்டம். நமக்கு இது மிகவும் பழகிய பொருளாதாரம். தொலைவிலுள்ள சந்தைக்காக ஒரேயொரு பொருளை உற்பத்தி செய்யும் குடியேற்றத்தைத் தோட்டம் என்று அழைப்பது நம் வழக்கம். 1869 இல் இலங்கையிற் தோன்றிய இலைநோய், இருபதாண்டுக்குள் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பி போனதும் தேயிலை வந்தது. துரை மாறினான், பயிர் மாறியது, லயம் மாறவில்லை. ஒற்றைப் பொருளில் தங்கிய குடியேற்றம் அப்பொருள் வீழும்போது யாரைக் கைவிடும் என்று ஓவியர்கள் அழகாகத் தீட்டிய அவ்வளைய நகரப் படங்கள் நமக்குக் கூறுவதில்லை.

இனி, இத்திட்டங்கள் அனைத்துக்கும் உயிராக விளங்கும் 'நிலைபேறு' என்னும் சொல்லை நோக்குவாம். விண்வெளிக் கட்டடக்கலையில் இச்சொல்லுக்கு மிகத் திட்டமான பொருள் உண்டு. வெளியிலிருந்து எதையும் எதிர்பாராமல் காற்று, நீர், உணவு, கழிவு ஆகியன ஒரே வட்டத்துள் மீண்டும் மீண்டும் சுழல வேண்டும். இதற்கான முயற்சிகள் போற்றத்தக்கவை. சோவியத் விஞ்ஞானிகள் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் 1972 இல் அமைத்த 'பயோஸ்-3' என்னும் மூடிய கூடத்தில், மூவர் கொண்ட குழுக்கள் கோதுமையும் காய்கறியும் பாசியும் வளர்த்து, அவை வெளியிட்ட ஒட்சிசனைச் சுவாசித்து, 180 நாள் நீண்ட பரிசோதனையொன்றை நடத்தி முடித்தன. 2000 ஆம் ஆண்டு நவம்பர் முதல் இடையறாது மனிதர் வாழ்ந்துவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், வியர்வையும் சிறுநீரும் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் குடிநீராகின்றன. 2023 இல் இம்மீட்பு 98 வீதத்தை எட்டியதாக நாசா அறிவித்தது.

தோல்வியும் பாடமாயிற்று. அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற மாபெரும் கண்ணாடிக் கூடத்துள் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் அடைபட்டு வாழ்ந்தனர். சில மாதங்களில் மூச்சுத் திணறல் தொடங்கிற்று. 20.9 வீதமாயிருந்த ஒட்சிசன் பதினாறு மாதத்தில் 14.5 வீதமளவுக்கு வீழ்ந்தது. காரணம் என்ன? வளமூட்டிய மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனை உட்கொண்டு காபனீரொட்சைட்டை வெளியிட்டன. அக்காபனீரொட்சைட்டு செடிகளுக்குத் திரும்பியிருப்பின் வட்டம் பூர்த்தியாகியிருக்கும். ஆனால் கட்டடத்தின் பூசப்படாத கொங்கிறீற் சுவர்கள் அதை உறிஞ்சிக்கொண்டன. சுவாசிக்கும் காற்றைச் சுவரே குடித்துவிட்டது! கட்டடம் என்பது உயிர்களைச் சூழ்ந்து நிற்கும் வெறும் ஓடு அன்று, அவற்றின் வாழ்வில் தானும் பங்குகொள்வது என்ற பேருண்மையை இந்நிகழ்ச்சி நிலைநாட்டியது.

மூச்சைக் குடிக்கும் சுவரை நமது மக்கள் நன்கறிவர். புகைபோக்கியில்லாத அடுப்பின் கரி படிந்த சுவர், மழைக்கால ஈரம் ஊறிய சுவர், அடுத்த காம்பிராக்காரரின் இருமலை மறைக்காத சுவர் ஆகியன எத்தனை நெஞ்சுகளை உருக்கின! ஆனால் லயத்தைப் பழிப்பதோடு நின்றுவிடுவது விமர்சனமாகாது. லயத்தில் ஒரு திட்டம் இருந்தது. வரிசையாகக் கட்டினால் ஆட்களை எண்ணுவது எளிது. விடியற்காலைத் தப்புச் சத்தம் எல்லாக் கதவையும் ஒருங்கே எட்டும். பெரட்டுக் களத்துக்கு வர நேரமாகாது. தாய் கொழுந்து பறிக்கப் பிள்ளைக் காம்பிராவில் குழந்தை கிடக்கும். அரிசி தோட்டக் களஞ்சியத்திலிருந்து வரும்; விலை சம்பளத்திற் கழியும். நீரோடைக்கு மேலே பங்களா, கீழே லயம். பிறப்பும் உழைப்பும் கடனும் இறப்பும் ஒரே எல்லைக்குள் சுழன்றன. விண்வெளிக் கட்டடக்கலைஞர் கனவு காணும் மூடிய வட்டம் இதுவேயன்றோ? நூற்றைம்பது ஆண்டு நிலைத்து நின்ற இக்கட்டட முறையை விட நிலைபேறானது எது? ஆகவே 'நிலைபேறு' என்ற சொல் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று. எது நிலைபெறுகிறது, யாருக்காக நிலைபெறுகிறது என்று கேட்ட பின்னரே அச்சொல்லுக்குப் பொருள் பிறக்கும். லயத்தில் நிலைபெற்றது இலாபம். நிலைபெறாதது மனித உயிர்.

இப்பின்னணியில் கிளார்க்கின் நாவலை மீண்டும் எடுத்துக்கொள்வோம். 1956 இல் இத்தீவுக்கு வந்து, 2008 இல் கொழும்பில் மறையும் வரை இதைத் தம் வீடாகக் கொண்டவர் அவர். அவருடைய அன்பு போலியானதன்று. மனித அறிவின் மீதும் சர்வதேச ஒத்துழைப்பின் மீதும் அவர் கொண்ட நம்பிக்கை நமக்கும் உடன்பாடானதே. பழைய மன்னனொருவனின் இன்பத் தோட்டத்தையும் வருங்காலப் பொறியியலாளனின் கோபுரத்தையும் அவர் இணைத்துக் காட்டும் திறன் வியக்கத்தக்கது. மலையுச்சி மடத்தின் துறவிகளுக்கும் பொறியியலாளனுக்கும் எழும் முரணை, எவரையும் கோமாளியாக்காமல் அவர் நடத்திச் செல்கிறார். கோபுரத்தில் அகப்பட்டவர்களைக் காக்கச் சென்று பொறியியலாளன் உயிர் துறக்கும் பகுதியைப் படித்து நெகிழாதார் இலர்.

ஆனால் நாவலின் முதன்மை மாந்தரைப் பாருங்கள்: மன்னன், துறவி, இராஜதந்திரி, பொறியியலாளன், விஞ்ஞானி. உலகம் வியக்கும் கோபுரத்தைத் தோளிற் சுமந்த உழைப்பாளி ஒருவன் இவ்வரிசையில் இல்லை. கோபுரம் பூமத்திய ரேகையில் நிற்க வேண்டும் என்ற விஞ்ஞானத் தேவைக்காக, கிளார்க் இத்தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார். மலையின் உயரத்தை இரட்டித்தார். இவ்வுரிமை எழுத்தாளனுக்கு உண்டு. தீவையே நகர்த்த முடிந்த அக்கற்பனையால், அம்மலையடிவாரத்தில் ஒன்றரை நூற்றாண்டாகக் கொழுந்து பறித்த ஒருத்தியை நாவலின் நடுப்பக்கத்துக்கு நகர்த்த முடியாமற் போயிற்றே! இதுவே நமது குறை. நூலின் இறுதியில், பல நூற்றாண்டுகள் கழிந்து பூமி பனி மூடிய காலத்தில், வானில் பூமியைச் சுற்றி ஒரு வளைய நகரம் விளங்குகிறது. அந்நகரில் இலக்கமிட்ட கதவுகள் உண்டா என்று நாவல் நமக்குக் காட்டவில்லை. உழைப்பு மறைக்கப்பட்ட இடத்தில் அற்புதம் மட்டுமே எஞ்சும். அற்புதமோ அரை உண்மை.

இது வெறும் இலக்கியக் குறைபாடன்று. இன்று நடைமுறைப் பிரச்சினையாகவும் மாறியுள்ளது. செவ்வாயில் நகரம் அமைக்கப் போவதாகக் கூறும் அமெரிக்கச் செல்வந்தர் இலோன் மஸ்க், 2020 ஜனவரியில், பணமில்லாதவர்களும் அங்கே போகலாம், அவர்களுக்குக் கடன் கிடைக்கும், செவ்வாயில் வேலைகள் ஏராளமாக இருக்கும் என்று பொருள்படப் பகிரங்கமாகவே எழுதினார். இதை வாசித்த போது நமக்குச் சிரிப்பு வரவில்லை. கங்காணி நமது ஊர்களுக்கு வந்து சொன்னதும் இதுவேயன்றோ! முற்பணம் தருகிறேன், வழிச்செலவு தருகிறேன், கண்டிச் சீமையில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்றான். திருச்சியிலும் சேலத்திலும் மதுரையிலும் தஞ்சையிலும் பஞ்சத்தால் வாடியவர்கள் அந்த முற்பணத்தோடு புறப்பட்டனர். இங்கே வந்ததும் முற்பணம் கடனாயிற்று. கடன் தொகையை எழுதிய 'துண்டு' ஒன்றை வைத்தே ஒருவன் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறினான். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அது பூமியில் ஒழிந்து நூறாண்டாகும் தறுவாயில், செவ்வாய்க்குச் செல்லும் வழியில் மீண்டும் தலை காட்டியது.

பூமியின் தோட்டத்துக்கும் விண்வெளித் தோட்டத்துக்கும் ஒரு கொடிய வேறுபாடு உண்டு. லயம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் காம்பிராவும் போகும். ஆயினும் வெளியே ஒரு வீதி இருந்தது. அதில் நடக்கலாம், கூடலாம், கொடி பிடிக்கலாம். 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் குண்டுக்குப் பலியான கோவிந்தனும் அவனோடு நின்றோரும் அவ்வீதியில்தான் வரலாற்றுக்குள் நுழைந்தனர். விண்வெளிக் குடியிருப்பிலோ கதவுக்கு வெளியே வெற்றிடம். சுவாசக் காற்றும் முதலாளியின் களஞ்சியச் சரக்காகுமாயின் வேலைநிறுத்தம் என்பது தற்கொலையாகிவிடும். 1967 இல் கைச்சாத்தான விண்வெளி உடன்படிக்கை, சந்திரனையோ ஏனைய கோள்களையோ எந்நாடும் தன் உடைமையாக்கக் கூடாது என்று விதித்தது. நல்லதே. ஆனால் அங்கே வாழப் போகும் உழைப்பாளியின் காற்றுக்கும் நீருக்கும் யார் பொறுப்பு என்பதை அவ்வுடன்படிக்கை விரித்துரைக்கவில்லை. நமது மாணவி கேட்ட கேள்வி அங்கேயும் விடையின்றி நிற்கிறது.

'அப்படியாயின் இவ்வாராய்ச்சிகளையே நிறுத்திவிட வேண்டுமா?' ஒருபோதும் வேண்டியதில்லை. விஞ்ஞானம் நமது எதிரியன்று. சந்திர மண்ணைப் போன்ற செயற்கை மண்ணை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் தயாரித்த போது, அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைத்தது. சந்திரனின் மேட்டு நிலப் பாறையை ஒத்த 'அனோர்தோசைட்' அங்கே உண்டு. பழைய சேலம் ஜில்லாவின் மண் அது. நம் பாட்டன்மார் பலர் விட்டுவந்த மண். 2020 இல் அந்நிறுவனத்தோடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆய்வாளர்கள் சேர்ந்து, செயற்கைச் சந்திர மண்ணோடு யூரியாவையும் ஒருவகைப் பக்டீரியாவையும் கொத்தவரைப் பிசினையும் கலந்து செங்கல் போன்ற கட்டிகளை உருவாக்கிக் காட்டினர். சுடும் சூளை வேண்டியதில்லை; நுண்ணுயிரே மண்துகளைப் பிணைக்கும்; யூரியாவை மனிதச் சிறுநீரிலிருந்தும் பெறலாம். காய்கறித் தோட்டத்துக் கொத்தவரையையும் சந்திரனையும் இணைத்த அந்த எளிமையில் நமக்கு நம்பிக்கை பிறக்கிறது. இருக்கும் மண்ணில், இருக்கும் பொருளால், வீணின்றிக் கட்டும் அறிவு, விண்ணுக்கு மட்டுமன்றி நமது மலைச்சரிவுக்கும் உடனே தேவைப்படுகின்ற அறிவாகும்.

ஏனெனில் நமது மலைச்சரிவின் கதையை யாவரும் அறிவர். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை விழுங்கிற்று. சந்திரனில் குடியிருப்பு அமைக்க விரும்புவோர், பள்ளம் எங்கே, ஒளி எங்கே, பனிக்கட்டி எங்கே என்று துணைக்கோள் கொண்டு அங்குலம் அங்குலமாக ஆராய்கின்றனர். இதுவரை எவரும் வாழாத மண்ணுக்குக் காட்டும் அக்கவனத்தில் ஒரு பங்கு, எட்டுத் தலைமுறை வாழ்ந்த மண்ணுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

சிறிதளவு முன்னேற்றமும் உண்டு. 7 பேர்ச் காணியில், 550 சதுர அடியில், தனி வீடுகள் எழுந்துள்ளன. இந்திய உதவியில் 4,000 வீடுகளைக் கொண்ட திட்டம் நடந்தது. 2017 மே 12 அன்று நம் அயலூரான நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிச் சுவரும் பின்கதவும் எத்துணைப் பெரிய விடுதலை என்பதை லயத்தில் வாழாதவர்கள் உணர்வது கடினம். ஆயினும் வீட்டோடு காணியுறுதியும், அந்த வீட்டின் படத்தை வரையும்போது குடியிருப்பவளின் சொல்லும் சேர்ந்தாலன்றி, லயம் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டதாகவே முடியும்.

இங்கேதான் இலக்கியத்தின் பணி தொடங்குகிறது. நெருக்கமான மூடிய இடத்தில் மனித உறவுகள் என்னவாகும் என்பதை அறிய, 2010 இலும் 2011 இலும் மொஸ்கோவில் ஆறு பேரை 520 நாள் அடைத்துவைத்துச் செவ்வாய்ப் பயண ஒத்திகை நடத்தினர். நல்ல முயற்சிதான். ஆனால் ஒற்றைக் காம்பிராவில் வளர்ந்த பிள்ளைகளோடு வாழ நேர்ந்த தாய் தந்தையரின் இக்கட்டை 'மீன்கள்' என்னும் சிறுகதையில் தெளிவத்தை ஜோசப் எழுதியிருக்கிறார். 'வீடற்றவன்' என்று தம் நாவலுக்குப் பெயரிட்ட சி. வி. வேலுப்பிள்ளை, கூரை இருந்தும் வீடில்லாத ஒரு சமூகத்தின் முகவரியையே அப்பெயரில் எழுதினார். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', 1964 இலேயே, தொலைவில் தெரியும் செழிப்பை நம்பிப் புறப்பட்ட மக்களின் கதையைச் சொன்னது. இவற்றை மலையக இலக்கியம் என்று ஒரு மூலையில் ஒதுக்குவது அறியாமை. தொலைதூரக் குடியேற்றம் பற்றி மனித குலம் சேர்த்துவைத்த அனுபவ நூல்கள் இவை. விண்வெளிக் கட்டடக்கலை பயிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நாளை இருப்பானாயின், ஓநீலின் கணக்கோடு இவற்றையும் அவன் வாசிக்க வேண்டும்.

நமது இளம் எழுத்தாளரிடம் ஒரு வேண்டுகோள். விஞ்ஞானக் கதை எழுதுங்கள். வானத்தைப் பிறருக்கு விட்டுவிடாதீர்கள். ஆனால் விண்வெளி நகரமொன்றைப் படைக்கும்போது மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே பேனாவை எடுங்கள். காற்றையும் நீரையும் திறக்கும் திருகு யார் கையில் இருக்கிறது? வீட்டின் படத்தை வரைந்தவர்களுள் அதில் வாழ்பவன் ஒருவனாவது உண்டா? விரும்பாதவன் கடனின்றி வெளியேறித் தன் ஊருக்குத் திரும்ப வழி உண்டா? இம்மூன்றையும் மறைக்கும் கதை எத்துணை அழகாயினும் தூங்கெயிலின் கதையே. இம்மூன்றையும் எதிர்கொள்ளும் கதை, நிகழ்வது சந்திரனிலாயினும், நமது மக்களின் கதையாகும்.

அந்தப் படம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. மறு ஆண்டு அதே தலைப்பை மீண்டும் கொடுத்தோம். ஆனால் இம்முறை, படம் வரையுமுன் அங்கு வாழ்வோர் கூடி இயற்றும் சட்டத்தைப் பத்து வரியில் எழுதும்படி சொன்னோம். பல விடைத்தாள்களில் முதல் வரியாக வந்தது ஒன்றே: தண்ணீரை யாரும் பூட்டிவைக்கக் கூடாது.